கைவேலையும் கோல நோட்டும்

(நவராத்திரி விழாவின் மகளிர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையலும் சித்திரமும் அன்றாடப் பொழுதுபோக்காக அமைவது பற்றிப் பேசுமாறு குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். பேச்சாளர் என்பதற்காக அல்ல. ஆகவே மேடைப் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

"பொழுதுபோக்கு" என்ற சொல்லோடு எனக்கு ஒரு சிறு சண்டை உண்டு. பொழுது தானாகவே போய்விடுகிறது. அதைப் போக்குவதற்கு நாம் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. போகின்ற பொழுதில் ஒரு பிடியாவது கையில் தங்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தாம் ஊசியையும் பென்சிலையும் எடுக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

வகுப்பிலும் சரி, வெளியிலும் சரி, நான் அதிகமாகக் கேட்ட வாசகம் "எனக்கு வரைய வராது, டீச்சர்" என்பது. சொல்பவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சாமி அறை அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு ஒரு கோல நோட்டு இருக்கும். அதற்குப் பெயர் என்ன? அதுதான் ஓவியக் குறிப்பேடு. மேல்நாட்டு ஓவியர்கள் பையில் போட்டுக் கொண்டு திரிகிறார்களே, அதே வகைப் புத்தகம்தான். பார்த்ததை மறக்காமல் இருக்கக் கையால் குறித்து வைப்பதே அதன் வேலை.

அந்த நோட்டில் எழுதப்படும் குறிப்பைக் கவனியுங்கள். "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று ஒரே வரி. நடுவில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழுமாக ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்திய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையில் விழ வேண்டும். எண்ணிப் பார்த்தால் 169 புள்ளிகள் வரும். வாசலில் குனிந்து நின்று, காப்பி ஆறுவதற்குள் அந்த 169 புள்ளிகளையும் பிசகாமல் வைத்து இழுத்து முடிக்கிற அம்மா, தமக்கு வரைய வராது என்கிறார்! 1974-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்துக்குள் இருக்கும் ஒழுங்கைக் கணிப்பொறி அறிவியலின் இலக்கண முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். படித்தவர்கள் நம் வாசலுக்கு வந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். வாசலில் போட்டவருக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

என் தாயாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மத்தியானம் வாளியை இறக்கி வைத்து வீடு திரும்பினால் அடுப்பு, பிள்ளைகள், துணிகள். இதற்கு நடுவில் எப்படியோ அரை மணி நேரம் ஒதுக்குவார். கிராணியார் வீட்டம்மாவிடம் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் கற்றுக் கொண்டிருந்தார். லயத்து வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கிற வரையில் தைப்பார். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளில் இரண்டு கிளிகளும் அவற்றுக்குக் கீழே "குட் நைட்" என்ற ஆங்கிலச் சொற்களும் இருக்கும். தாயாருக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. கார்பன் தாளில் படியெடுத்த கோடுகளின் மேல் ஊசி போட்டுக் கொண்டு போனார். அதனால் ஓர் உறையில் "என்" என்கிற எழுத்து இடவலம் மாறி நிற்கும். எங்களுக்கு அந்த உறைதான் பிடிக்கும். அதற்காகச் சண்டை போடுவோம்.

அவருடைய கோல நோட்டு ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம். எண் எழுதத் தெரியாததால் 15 புள்ளி என்பதைக் குறிக்க, ஐந்தைந்து கோடுகளாக மூன்று கட்டுகள் போட்டிருப்பார். 1960-களில் தோட்டத் துண்டாடலின் போது எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் லயத்தை விட்டு வெளியேறினோம். லாரியில் ஏற்றியது ஒரு டிரங்குப் பெட்டியும் பாத்திர மூட்டையுந்தான். பெட்டிக்குள் அந்த நோட்டும் இருந்தது. தாயார் கைப்பட எழுதிய கடிதம் என்று எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் கை இப்படித்தான் அசைந்தது என்று காட்டுவதற்கு அந்த நோட்டும் மூன்று தலையணை உறைகளும் இருக்கின்றன.

பெயர் எழுதத் தெரியாதவரைப் பற்றிச் சொன்னேன். இனி, துணியில் பெயரைத் தைத்து வைத்த சில பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் நம்மவர் அல்லர். ஆனால் நடந்தது நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் ஏறத்தாழ 400 வெள்ளைக்காரப் பெண்களும் பிள்ளைகளும் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். 600 பேருக்காகக் கட்டிய சிறையில் ஏறக்குறைய 3,000 பேரை அடைத்தார்கள். ஆண்கள் வேறு பகுதியில் இருந்தார்கள். போர்வீரனாக இருந்த கணவன் வேறு முகாமில் இருக்கிறானா, இறந்து விட்டானா என்றுகூடப் பல மனைவிமாருக்குத் தெரியாது. கடிதத்துக்கு அனுமதி இல்லை.

முதலில் அங்கிருந்த சிறுமிகள் ஏறத்தாழ இருபது பேர் சாரணியர் படையாகக் கூடினார்கள். எலிசபெத் என்னிஸ் என்ற பெண்மணி அவர்களுக்கு வழிகாட்டினார். அவருடைய பிறந்த நாளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே! சிறையில் எந்தக் கடைக்குப் போவது? கிடைத்த கந்தல் துண்டுகளை ஆறுகோணமாக வெட்டி, பூப்பூவாகச் சேர்த்து, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். அந்தப் போர்வை இன்று இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு பெரியவர்கள் தொடங்கினார்கள். எதெல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணி இதற்கு முன்னின்றார். ஒவ்வொருத்திக்கும் ஒரு சிறு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் தைத்துத் தர வேண்டும். சதுரங்களை இணைத்து, ஒன்றுக்கு 66 சதுரமாக மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, ஒன்று ஜப்பானிய வீரர்களுக்கு. எதிரிக்கும் ஒன்று செய்தது பெருந்தன்மையா, அனுமதி வாங்குவதற்கான சாமர்த்தியமா என்று கேட்பார்கள். இரண்டும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பெண்கள் வீட்டை நடத்துவதே அப்படித்தானே!

மருத்துவமனைக்குப் போகிற போர்வை எத்தனையோ கைகளில் தவழும், அதில் உள்ள பெயரைத் தன் கணவன் பார்த்தால், தான் உயிரோடிருப்பது அவனுக்குத் தெரிந்து விடும். கடிதம் தடுக்கப்பட்ட இடத்தில் தையல் கடிதமாகிப் போயிற்று. பூ, வீடு, கப்பல், பிறந்த ஊரின் சின்னம் என்று ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்று. ஒரு சதுரத்தில் நீல நாடா கட்டிய முயல்குட்டி இருக்கிறது. மகன் பிறந்திருக்கிறான் என்பதைத் தகப்பனுக்குச் சொல்ல ஒரு தாய் தைத்தது அது என்பார்கள். எல்லாருமே தையலில் தேர்ந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். வாழ்நாளில் பட்டன்கூடத் தைத்திராதவர்களும் அதில் உண்டு என்பது கோணல் எழுத்துகளைப் பார்த்தாலே தெரியும். ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கத்தில், போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்று தைத்து, கூடவே இதைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் ஒரு குறிப்பைத் தைத்திருக்கிறார்கள். சிறைக்குள் பட்டினி கிடந்தாலும் இல்லத்தரசியின் புத்தி போகவில்லை பாருங்கள். அந்தப் போர்வையும் ஜப்பானியருக்குச் செய்ததும் இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. மூன்றாவது, இலண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது.

தையல் இப்படியென்றால் சித்திரமும் சளைக்கவில்லை. அதே சாங்கியிலும் பிறகு சைம் ரோடு முகாமிலும் இருந்த ஹாக்ஸ்வொர்த் என்பவர், கிடைத்த தாள்களில் ஒளித்து ஒளித்து வரைந்த படங்கள் இப்போது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரிசையில் நின்று சோறு வாங்குவது, துணி உலர்த்துவது, படுக்க இடமின்றி நெருங்கிக் கிடப்பது என்று அன்றாடக் காட்சிகள்தாம். ரொனால்ட் சியர்ல் என்ற பிரிட்டிஷ் வீரருக்குச் சிறைப்பட்ட போது வயது 21. சயாம் – பர்மா இரயில் பாதைக்கு அவரைக் கொண்டு போனார்கள். அங்கே கண்டதையெல்லாம் வரைந்தார். கண்டுபிடித்தால் உயிர் போகும். காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தாள்களை ஒளித்து வைத்தார்; காவலர்கள் அந்தப் பக்கம் வரப் பயப்படுவார்கள் அல்லவா? அவ்வாறு தப்பிய படங்களில் ஏறத்தாழ 300 இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1986-இல் நூலாகவும் வந்தன.

சயாம் இரயில் என்றதும் இந்த மண்டபத்தில் சில பெரியவர்களின் முகம் மாறுவதைக் காண்கிறேன். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் ஏராளம். என் தாயாரின் தமையனார், எனக்குப் பெரிய மாமா, 1943-இல் அங்கே போனார். திரும்பி வரவில்லை. அவருக்குப் புகைப்படம் கிடையாது. இடப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு என்று தாயார் சொல்வார். அவரைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் உள்ளது அந்த ஒரு தழும்புதான்.

அந்தக் கைதிகள் வரைந்த படங்களை நூல்களில் பார்க்கும் போதெல்லாம் நான் ஓரத்தில் நிற்கிற உருவங்களைத்தான் முதலில் தேடுகிறேன். கருத்த மேனி, இடுப்பில் துண்டு, தலையில் கூடை. யாரோ ஒருவர் வரைந்ததால்தான் அப்படி ஓர் ஆள் அங்கே நின்றார் என்று தெரிகிறது. நம்மவர் கையில் தாளும் இல்லை, வரைவதற்கான பழக்கமும் இல்லை. தப்பி வந்தவர்களின் வாய்ச்சொல்தான் நமக்கு மிஞ்சியது. சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து விட்டார்கள்.

இதைச் சொல்லி உங்களை வருத்தப்படுத்த நான் வரவில்லை. நல்ல காலத்தில் பழகி வைத்த கைதான் கெட்ட காலத்தில் உதவும் என்பதற்காகச் சொன்னேன். சிறையில் இருந்த பெண்கள் சிறையில் ஊசி பிடிக்கக் கற்றுக் கொள்ளவில்லை. பலர் வீட்டில் வெறும் பொழுதுபோக்காகக் கற்றிருந்தார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

வரைவதற்கு ஒரு கோடில்லாத நோட்டும் 2பி பென்சிலும் போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். மலையும் சூரியனும் தென்னை மரமும் வரைய வேண்டாம். அவற்றை நாம் பார்த்து வரைவதில்லை, நினைத்து வரைகிறோம். அடுக்களையில் இருப்பதை வரையுங்கள். அடுக்குச் சட்டி, அம்மி, தேங்காய்த் துருவி, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், தூங்குகிற பேரனின் காது. பொருளைப் பார்க்கும் நேரம் தாளைப் பார்க்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்கட்டும். அழிப்பானை ஒளித்து வையுங்கள். கோணலாக வந்தால் வரட்டும். கீழே தேதியும் இடமும் எழுதுங்கள். பென்சில் கோடு வெளிச்சத்தில் மங்குவதில்லை. பால்பாயிண்ட் மையும் பெல்ட் பேனாவும் நாளடைவில் மங்கும்.

தையலுக்குப் புதிதாக வருபவர்கள் கிராஸ் ஸ்டிச்சில் தொடங்கலாம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி வாங்குங்கள். கடையில் விற்கிற நூல் கட்டு 8 மீட்டர் நீளம், ஆறு இழை கொண்டது. அந்தத் துணிக்கு இரண்டு இழை பிரித்தெடுத்தால் போதும். ஆறையும் சேர்த்து ஊசியில் கோத்துவிட்டு, "டீச்சர், துணி சுருங்குகிறது" என்று வருவார்கள். கோல நோட்டு வைத்திருப்பவர்கள் கடையில் மாதிரிப் படம் வாங்கவே வேண்டாம். நேர்ப்புள்ளிக் கோலத்தைக் கட்டத் தாளில் எடுத்து எழுதினால் அதுவே மாதிரி.

பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால் வங்காளத்துக் காந்தா வேலை இருக்கிறது. அங்குள்ள கிராமத்துப் பெண்கள் நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, ஓட்டத் தையல் போட்டே போர்வையாக்கி விடுவார்கள். நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்துதான் உருவுவார்கள். நாலு முழுப் பருத்திப் புடவைகளை நன்றாக அலசி உலர்த்தி, மூன்று அடுக்காக விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக் கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொம்மிக் கொள்ளும். நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தக் கனமே அளவு. பாட்டியின் புடவை, அத்தையின் புடவை, இறந்து போன அக்காவின் புடவை எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து பிள்ளை மேல் கிடக்கும்.

தூணோரம் நிற்கிற தம்பிமார்கள், "இது பெண்கள் விவகாரம்" என்று மெல்ல நழுவப் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் நில்லுங்கள். அதே 1941-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட அலெக்சிஸ் கஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ் இராணுவ மேஜர் கிராஸ் ஸ்டிச்சில் ஒரு துணி தைத்தார். சுற்றிலும் புள்ளியும் கோடுமாய் அழகான கரை. காவலர்கள் மெச்சிப் பார்வைக்கு வைத்தார்கள். அந்தப் புள்ளியும் கோடும் மோர்ஸ் தந்திக் குறியீடு; ஹிட்லரை இந்த மண்டபத்தில் சொல்ல முடியாத வார்த்தையால் ஏசியிருந்தார்! ஆம்பிளைக்கு ஊசி ஆகாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

செய்ததைப் பாதுகாப்பது பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் பத்து வருடம் கிடந்தால் அந்த இடத்தில் இழை அறும். நோட்டுப் புத்தகத்துக்கு எதிரி இராமபாணப் பூச்சி. அட்டைப் பெட்டிக்குள் அடைக்காமல் அடிக்கடி புரட்டிப் பார்ப்பதே நல்லது. பார்த்த மாதிரியும் இருக்கும்.

கடைசியாக நன்கொடையாளப் பெருமக்களிடமும் பொறுப்பாளர்களிடமும் ஒரு விண்ணப்பம். கோயில்களில் நூறு வெள்ளி கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். மிகவும் சரி, வெட்ட வேண்டியதுதான். ஆனால் ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக் கொண்டு வாசல் தோரணமும் திரைச்சீலையும் தைத்துக் கொடுத்தவள் பெயர் எந்தக் கல்லிலும் இருப்பதில்லை. எத்தனையோ கோயில்களில் பெட்டி பெட்டியாய் நல்ல வேலைப்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். யார் தைத்தது என்று கேட்டால், "யாரோ ஒரு அம்மா, அந்தக் காலத்தில்" என்பார்கள். கல் வெட்டச் செலவாகும். துணியின் பின்புறத்தில் விரலகலத்துக்கு ஒரு நாடா வைத்து, பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தைக்க ஒரு முழ நூல் போதும். இனி இங்கே ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு கைவேலைக்கும் அந்த நாடா இருக்க வேண்டும் என்று குழு ஒரு விதி செய்தால் மகிழ்வேன். தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார். நீங்கள் அனைவரும் சாட்சி.

விழா முடிந்து வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்க மண்டபத்தில் பாய் விரித்து உட்காரப் போகிறேன். வீட்டில் இருக்கும் பழைய கோல நோட்டுகளையும் கைவேலைகளையும் எடுத்து வாருங்கள். யாருடையது என்று தெரிந்தவர்கள் இருக்கும் போதே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி விடுவோம். ஊசி, நூல், கட்டத் தாள் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் ஒரு பழைய பருத்திப் புடவையும், மறக்காமல் உங்கள் மூக்குக் கண்ணாடியும் கொண்டு வந்தால் போதும்.